பிழையும் மோதலும்: ஒரு நாணயத்தை வைத்து நெட்வொர்க் பாடம்

நெட்வொர்க்கில் ஃபிரேம், அதாவது ஒரே மூச்சில் அனுப்பும் தரவுத் துண்டு, போய்ச் சேராமல் இருக்க இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. வழியில் பிட் (0 அல்லது 1) கெட்டுப்போகலாம், அல்லது இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்ளலாம். கையால் செய்து பார்த்தால் இரண்டும் நன்றாக மனதில் நிற்கும். காகிதம், பேனா, ஒரு நாணயம் போதும்.

படி 1: பிழையைப் பிடியுங்கள்

அனுப்ப வேண்டிய தரவு 1101. இரு பக்கமும் அறிந்த வகுஎண் 1011. தரவின் பின்னால் மூன்று பூஜ்யம் சேர்த்து 1101000 என்று எழுதி வகுங்கள். கழித்தலுக்குப் பதிலாக எக்ஸ்ஓஆர்: இரண்டும் ஒரே பிட் என்றால் 0, வேறு வேறு என்றால் 1. கடன் வாங்கும் வேலையே இல்லை.

1101, 1011 சேர்ந்தால் 0110. முன்னால் உள்ள 0-வை விட்டு அடுத்த பிட்டை இறக்கினால் 1100. மறுபடியும் 1011-உடன் சேர்த்தால் 0111, இறக்கினால் 1110. அடுத்து 0101, இறக்கினால் 1010. கடைசியில் 0001. மீதி 001. அதை ஒட்டி 1101001 என்று அனுப்புங்கள்.

பெறுபவரும் 1011-ஆல் வகுப்பார். மீதி 000 வந்தால் சரி. வழியில் நான்காவது பிட் மாறி 1100001 ஆகியிருந்தால் மீதி 011 வரும், போட்டுப் பாருங்கள். இதுதான் சிஆர்சி என்ற பிழை சோதனை. கம்பி நெட்வொர்க்கான ஈத்தர்நெட்டில் இது 32 பிட். கெட்ட ஃபிரேமை ஈத்தர்நெட் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். திரும்ப அனுப்புவது அதற்கு மேல் அடுக்கில் உள்ள டிசிபி என்ற நெறிமுறையின் வேலை.

படி 2: கம்பியில் மோதல்

எல்லாக் கருவிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்த பழைய ஹப் காலத்து விதி: அமைதியாக இருந்தால் அனுப்பு, அனுப்பும்போதும் கேட்டுக்கொண்டே இரு. மோதியது தெரிந்தால் நிறுத்திவிட்டு எத்தனை இடைவெளி காத்திருப்பது என்று குலுக்கிப் பார். நீங்களும் நண்பரும் நாணயத்தைச் சுண்டுங்கள்: தலை 0, பூ 1. இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் மறுபடியும் மோதல். அதற்கு வாய்ப்பு பாதி. அடுத்த முறை ஆளுக்கு இரண்டு தடவை சுண்டினால் 0 முதல் 3 வரை நான்கு எண்கள், வாய்ப்பு கால்தான். அதற்கடுத்து அரைக்கால். இப்படியே குலுக்கும் எண்ணின் உச்சம் வளர்ந்து 1023-இல் நிற்கும். 16 முறை தோற்றால் கைவிட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: ஈத்தர்நெட் ஃபிரேம் ஏன் குறைந்தது 64 பைட்? 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு கோடி பிட்) வேகத்தில் அதை அனுப்ப 51.2 மைக்ரோ விநாடி ஆகும். கம்பியின் மறுகோடியில் மோதல் நடந்தாலும், அனுப்பி முடிப்பதற்குள் சேதி திரும்பி வந்துவிட வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது.

ஹப்புக்குப் பதிலாக வந்த இன்றைய ஸ்விட்சில் அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பாதை, மோதலே கிடையாது.

படி 3: வைஃபை

வைஃபை கருவி பேசும்போது அதன் சொந்தச் சத்தத்தில் மற்றவர் சிக்னல் மூழ்கிவிடும். மோதலைக் கேட்க வழியில்லை. அதனால் முன்கூட்டியே காத்திருக்கிறது: ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அலைவரிசை அமைதியாக இருக்கும்போது மட்டும் கீழ்நோக்கி எண்ணும். வேறு யாராவது பேசினால் எண்ணிக்கை அப்படியே நிற்கும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அனுப்பிய பின் 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் தொலைந்ததாக எண்ணித் தானே திரும்ப அனுப்பும்.

இப்போது ஒரு கோட்டில் மூன்று புள்ளி வையுங்கள்: நடுவில் ரவுட்டர், இரு ஓரத்திலும் மடிக்கணினி. ஓரத்தில் இருப்பவை ஒன்றையொன்று கேட்காமல் ரவுட்டரிடம் மோதிக்கொள்ளும். இதற்கு மருந்து ஆர்டிஎஸ் என்ற கேள்வியும் சிடிஎஸ் என்ற பதிலும். 'அனுப்பலாமா?' என்று ஒன்று கேட்க, ரவுட்டர் 'இவ்வளவு நேரம் உனக்கு' என்று சொல்லும். அந்தப் பதில் மற்றதன் காதிலும் விழும். சின்ன ஃபிரேமுக்கு இது வீண் சுமை என்பதால் அனுப்பும் கருவியில் ஆர்டிஎஸ் வரம்பு என்று ஓர் எண் இருக்கும்: அத்தனை பைட்டுக்கு மேற்பட்ட ஃபிரேமுக்கு மட்டும் கேட்கும். பெரும்பாலும் அது 2347, அதாவது அணைத்து வைத்த மாதிரி. இப்படி ஒன்றையொன்று கேட்காத மோதல் என்று சந்தேகம் வந்தால் மடிக்கணினியில் அதை 500 வரை குறைத்து, வேகத்தை அளந்து பாருங்கள்.