கழுத்து வலிக்குப் பல்லைக் குறை சொல்லும் முன் பத்து நிமிடம்

இதை வாசிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? அப்படியென்றால் தாடைத் தசை வேலையில்லாமலே வேலை பார்க்கிறது. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். பல்லோடு பல் சேர்வதெல்லாம் மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான்.

கழுத்து வலி, முதுகு வலிக்கெல்லாம் ‘கடி’, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாததுதான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. சரி, அதை நம்பும் முன் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடியும் நாற்காலியும் போதும்.

முதல் படி, தசையைத் தேடுங்கள். காது மடலுக்குச் சற்று முன்னால், கன்னத்தில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துக் கடைவாய்ப் பல்லைக் கடித்தால் விரலுக்கடியில் ஒன்று முண்டும். அதுதான் மாசெட்டர். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, பக்கவாட்டு நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் கடித்தால் அங்கேயும் துடிக்கும், அது டெம்பொராலிஸ். மெல்லும் தசைகளில் இன்னும் இரண்டு உள்ளே இருக்கின்றன, வெளியிலிருந்து விரலுக்கு எட்டாது. அழுத்தினால் வலிக்கிறதா, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக்கோடு, நாக்கின் ஓரத்தில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பகலிலோ தூக்கத்திலோ பல்லைக் கடிப்பவர்களிடம் இவை அடிக்கடி தென்படும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்து பற்களை மெதுவாக ‘டக் டக்’ என்று தட்டுங்கள். பிறகு விட்டத்தைப் பார்த்தபடி தட்டுங்கள், அப்புறம் முகவாயை நெஞ்சுக்கு இறக்கித் தட்டுங்கள். அண்ணாந்தால் பல் பின்னால் முட்டும், குனிந்தால் முன்னால் முட்டும். பல் அதேதான், மாறியது கழுத்து! கீழ்த்தாடை தசைகளில் தொங்குகிற எலும்பு, அதன் அடியிலிருந்து தொண்டை எலும்பு வழியாக மார்பெலும்பு வரை தசைகள் இறங்குகின்றன. செல்போனைப் பார்க்கத் தலையை முன்னால் நீட்டினால் அவை தாடையைப் பின்னுக்கு இழுக்கும்.

மூன்றாவது, சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று, முகவாயைத் தூக்காமல் பின்தலை சுவரில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லையென்றால் கிட்டத்தட்ட 5 கிலோ எடையுள்ள தலையைக் கழுத்து முன்னால் நீட்டிச் சுமக்கிறது.

கடைசியாக வாயைத் திறந்து, உங்களுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். சுமார் 40 மி.மீ. திறந்தால் நல்லது. வலியில்லாத வெறும் ‘கிளிக்’ சத்தத்துக்குப் பயம் வேண்டாம்.

இனி பயிற்சி. ‘ன்’ என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். ‘ந்’ இல்லை, அது பல்லில் இடிக்கும். ‘ண்’ணும் இல்லை, அது மடங்கிவிடும். ‘ன்’ இடத்தில் நாக்கு இருந்தால் தாடை தானாகத் தளரும். நான் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன், கண்ணில் படும்போதெல்லாம் ‘ன்’.

தாடைக்கும் கழுத்துக்கும் உறவு உண்டு, இரண்டின் வலிச் செய்திகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஆனால் கடி சரியானால் இடுப்பு வலி போகும், கால் நீளம் சமமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எனக்கும் ஓரிடத்தில் முதுகு வலிக்காக இரண்டு கடைவாய்ப் பல்லை ராவிக் குறைக்கலாம் என்றார்கள், எழுந்து வந்துவிட்டேன். எனாமல் திரும்ப வளராது.

வாய் பாதியில் பூட்டிக்கொண்டாலோ, வலி சில வாரம் நீடித்தாலோ பல் மருத்துவரிடம் போங்கள். மாடி ஏறும்போது தாடையும் நெஞ்சும் சேர்ந்து வலித்தால் பல் மருத்துவர் வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள், அது இதயமாக இருக்கலாம்.