வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் டிக்கெட் இல்லாமல் ஒரு மாலை

லண்டன் போனால் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயை, அதாவது 1066 முதல் முடிசூட்டு விழாக்கள் நடந்துவரும் தேவாலயத்தை, பகலில் டிக்கெட் எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சாயங்காலம் பாடகர் குழுவின் பாட்டோடு நடக்கும் ஈவன்சாங் வழிபாட்டுக்கு அனுமதி இலவசம், எந்த மதத்தவரும் போகலாம். பெரும்பாலும் மாலை 5 மணிக்கு. புதன்கிழமைகளில் பொதுவாகப் பாட்டு இருக்காது, வெறும் ஜெபம்தான், அதனால் அன்றைக்கு வேண்டாம். அரைமணி முன்னாலேயே வரிசையில் நின்றால் பாடகர் குழுவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கலாம். சின்னப் பையன்களின் குரல் அந்தக் கல் கூரையில் மோதித் திரும்புகிறதே, அதற்காகவே போகலாம். போட்டோ எடுக்கக் கூடாது, நியூட்டன் கல்லறையைத் தேடிச் சுற்றவும் முடியாது, அதற்கு டிக்கெட்தான் வழி. அப்புறம், கிளம்புமுன் ஆபேயின் இணையதளத்தில் அன்றைய நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.