மேலாளரின் உள்ளுணர்வு: எங்கே தவறுகிறார்கள்?

“எனக்கு மனசுல பட்டுச்சு” என்று சொல்லி முடிவெடுக்கும் மேலாளர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அதில் குற்றமில்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதுதான் பிரச்சினை.

1973இல் ஆய்வாளர்களான வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஒரு சதுரங்க ஆய்வை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்தின் காய் நிலையைச் சில நொடிகள் பார்த்ததுமே, தேர்ந்த ஆட்டக்காரர் அதில் பெரும்பகுதியை நினைவிலிருந்து அடுக்கிவிட்டார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது அந்தத் திறமை எடுபடவில்லை. பழகிய வடிவத்தை அடையாளம் காண்பதுதான் உள்ளுணர்வு. எனவே விற்பனையில் ஊறியவர் உற்பத்திப் பிரிவுக்குத் தலைமை ஏற்றதும், பழைய வேகத்தில் முடிவெடுப்பது ஆபத்து.

சரி, ஒரே துறையில் பல வருடம் இருந்தால் போதுமா? போதாது. உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர்க் கருத்து கொண்டிருந்த உளவியலாளர்களான டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்து திருத்திக்கொள்ள வாய்ப்பும் வேண்டும். நமக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது எதற்கும் சான்றல்ல.

ஆள் எடுக்கும் நேர்காணலில்தான் உள்ளுணர்வு அதிகம் சறுக்குகிறது. நாம் நிராகரித்தவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது கடைசிவரை தெரியாது. பாடமே கிடைக்காத இடத்தில் கணிப்பு எப்படிக் கூர்மையாகும்? கானமன் 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு அமைத்த நேர்காணல் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறு பண்புகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். அப்புறம் கண்ணை மூடி, மனதில் படும் மதிப்பெண்ணையும் தர வேண்டும். அந்தக் கடைசி மதிப்பெண்ணும், ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகவே பலன் தந்தது. உள்ளுணர்வைத் தூக்கி எறிய வேண்டாம், அதன் முறை வரும்வரை காக்க வையுங்கள்.

நாளைய மேலாளர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. மூத்தவர் சட்டென்று முடிவெடுப்பதைப் பார்த்து அந்த வேகத்தை மட்டும் பழகிக்கொள்கிறார்கள். “எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தீர்கள், சார்?” என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கணிப்பையும் முடிவு தெரியும் முன்பே தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு யோசித்தால், எல்லாம் முன்பே தெரிந்ததுபோலத்தான் தோன்றும்.