மண்டை ஓட்டுக்குப் பயப்படாதீர்கள், முற்றுப்புள்ளியைப் பாருங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் ட்யூஷன் எடுக்கிறேன். 14 வருடமாகிறது. பிள்ளைகள் அம்மா, அப்பா, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் மறைத்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். ட்யூஷன் மிஸ்ஸை மட்டும் மறைக்க மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குத் தெரியாத பலவும் எனக்குத் தெரிவது அப்படித்தான். அவற்றில் எது வெறும் வேடிக்கை, எது சாக நினைக்கும் பிள்ளையின் குரல் என்று எப்படிப் பிரித்தறிவது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் ஸ்டேட்டஸில் வரிசையாக ஐந்து மண்டை ஓடு எமோஜி போட்டு, "செத்தேன்" என்று எழுதியிருந்தான். இரவு ஒன்பதரைக்கு அவன் அம்மாவுக்குப் போன் போட்டு அழாத குறையாகப் பேசினேன். விசாரித்தால், நண்பன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். இந்த வயதுப் பிள்ளைகளிடம் மண்டை ஓடு என்றால் சிரிப்பு. "செத்தேன்" என்றால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று பொருள். ஒரு வாரம் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகளையே சொல்லித்தரச் சொன்னேன். 'கே.எம்.எஸ்.' என்றால் தன்னைக் கொன்றுகொள்வதாகச் சொல்லும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். பேலன்ஸ் ஷீட் பொருந்தாவிட்டால்கூட எழுதுவார்கள். 'அன்அலைவ்' என்பதும் சாவைத்தான் குறிக்கிறது. சாவு, தற்கொலை போன்ற சொற்கள் வந்தால் சமூக வலைத்தளங்கள் பதிவை முடக்கிவிடும் என்று பயந்து கண்டுபிடித்த சுற்றுவழிச் சொல் அது. 'க்ரிப்பி சாக்ஸ்' என்பது மனநல மருத்துவமனையில் சேர்வது. அமெரிக்காவில் அங்கே வழுக்காத சாக்ஸ் கொடுப்பார்களாம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் சாக்ஸ் ஏது! ஆனாலும் இங்கே எழுதுகிறார்கள். 'கே.ஒய்.எஸ்.' மட்டும் தனி ரகம். அது இன்னொருவரைப் பார்த்து "செத்துத் தொலை" என்பது. உங்கள் பிள்ளையின் பதிவுக்குக் கீழே அடிக்கடி அது வருகிறதென்றால் யாரோ வதைக்கிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது சொல்லை அல்ல, ஆளை.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்து பயனில்லை. அடுத்த மே மாதத்துக்குள் பாதி மாறிவிடும். அந்தப் பிள்ளை வழக்கமாக எப்படி எழுதும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த வழக்கம் எப்போது மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாணவன். பெயர் வேண்டாம். நாள் முழுக்க கிரிக்கெட் கேலிப் படங்களாகப் போடுபவன். ஆங்கிலச் சுருக்கெழுத்து இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு முகப்புப் படம் காணாமல் போனது. பிறகு இரவு இரண்டே முக்காலுக்கு ஒரு ஸ்டேட்டஸ்: கறுப்புத் திரையில் ஒரு புள்ளி. மறுநாள் அதே நேரத்தில், "எல்லாருக்கும் நான் பாரம்." எழுத்துப் பிழை இல்லாமல், முற்றுப்புள்ளியோடு, நல்ல தமிழில். அந்த முற்றுப்புள்ளிதான் என் வயிற்றைப் பிசைந்தது. அதே வாரம் தன் கால்குலேட்டரையும் கைடையும் பக்கத்துப் பெஞ்சுப் பையனிடம் கொடுத்துவிட்டிருந்தான். "இனிமேல் எனக்கு வேண்டாம்" என்றானாம்.

கேலிப் பேச்சு தானாக உதிர்ந்து, பிள்ளை வெறும் தமிழில் எழுதத் தொடங்கினால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். "நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்", "எல்லோரும் மன்னித்துவிடுங்கள்", "இனித் தொந்தரவு இருக்காது" போன்ற வரிகளுக்கு அகராதி தேவையில்லை. பல நாள் புலம்பிவிட்டுத் திடீரென்று அமைதியாகி, பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பதையும் நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது? ஸ்டேட்டஸுக்குக் கீழே பதில் எழுதாதீர்கள். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடவே போடாதீர்கள். நான் ட்யூஷன் முடிந்து அவனை மட்டும் இருக்கச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, நேராகக் கேட்டேன்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா, தம்பி?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்றுதான் பெரும்பாலும் இருக்கும். டீயில் ஆடை படிந்து ஆறிப்போகும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஆமாம் மிஸ்" என்றான். உள்ளே ஏதோ கழன்று விழுந்தது போல இருந்தது. "உனக்கு என்ன குறை" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டான். அதை மட்டும் செய்யவில்லை. "உன்னைக் காப்பாற்றுகிறவர்களிடம் சொல்வேன்" என்றேன்.

வழியும் நாளும் சொல்கிற பிள்ளையைத் தனியே விடக்கூடாது. வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். ஏற்கெனவே எதையாவது செய்துவிட்டால் யோசிக்காமல் 108.

அவனை அன்றிரவே நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் அப்பாவின் முதல் கேள்வி, "போலீஸ் கேஸ் ஆகிவிடுமா, டீச்சர்?" நினைத்ததற்குக் கேஸ் கிடையாது. முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில் சொல்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் மனிதர் உட்கார்ந்தார். மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள்.

அம்மாவின் கேள்வி வேறு: "போனைப் பிடுங்கிவிடட்டுமா?" வேண்டாம் என்றேன். பிடுங்கினால் அவனுக்கு நண்பர்கள் போவார்கள், நமக்கு அவனைப் பார்க்கும் ஜன்னலும் போகும். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கூடத்து அலமாரியில் சார்ஜில் இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். முதல் வாரமே அவன் எனக்குப் புகார் அனுப்பினான்: அலமாரியில் மூன்று போன் இருக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறதாம், அப்பாவுடையதைக் காணவில்லையாம். கீழே நான்கு மண்டை ஓடு.