பைக் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர் கருத்து கேட்பது எப்படி? படிப்படியாக

"சார், நாளைக்கு ஒரு கால் வரும், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பும் சர்வீஸ் சென்டர்கள் நிறைய. மார்க் வரும், தகவல் வராது. பத்துக்கு எட்டு போட்டவருக்கு எது பிடிக்கவில்லை என்று அந்த எட்டு சொல்லாது. மாதம் 300 வண்டி பார்க்கும் ஒரு நடுத்தர ஒர்க்‌ஷாப்பை வைத்து, உருப்படியாகக் கருத்து வாங்கும் முறையைப் பார்ப்போம்.

படி 1: எதை மாற்ற முடியும் என்று முதலில் எழுதுங்கள்

டெலிவரி நேரம், எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம், அதே கோளாறு திரும்ப வருவது என்று உங்கள் கையில் இருக்கும் மூன்று விஷயங்கள் போதும். ஸ்பேர் விலையை கம்பெனி நிர்ணயிக்கிறது என்றால், "விலை எப்படி?" என்று கேட்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியாததைக் கேட்காதீர்கள்.

படி 2: யாரை, எப்போது

டெலிவரி கவுண்டரில் கேட்காதீர்கள். அட்வைசர் (வண்டியை வாங்கி, குறை கேட்டு எழுதுபவர்) எதிரில் நிற்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வண்டியையும் வாடிக்கையாளர் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. செயின் சத்தமோ ஆயில் கசிவோ ஓரிரு நாள் ஓடிய பிறகே தெரியும். போன் செய்து கேட்க மூன்றாவது நாள் சரியாக இருக்கும். இரண்டு வாரம் தள்ளினால் எத்தனை மணிக்கு வண்டி கிடைத்தது என்பதே மறந்துவிடும்.

ஜாப் கார்டு (ஒவ்வொரு வண்டிக்கும் எழுதும் வேலைச் சீட்டு) வரிசையில் ஒவ்வொரு ஐந்தாவது வண்டியையும் எடுங்கள். மாதம் 60 பேர். ஒரு காலுக்கு 4 நிமிடம் என்றால் மொத்தம் 4 மணி நேரம், அவ்வளவுதான். "நம்ம ரெகுலர் கஸ்டமர்" என்று பொறுக்கி எடுக்கக் கூடாது. போனை எடுக்காதவரை வேறொரு நாள் வேறு நேரத்தில் இன்னொரு முறை அழையுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், வேறு ஆளைப் போட்டு நிரப்பாதீர்கள்.

வாட்ஸப்பில் எல்லோருக்கும் கூகுள் ஃபார்ம் அனுப்புவது சுலபம். ஆனால் ரொம்பக் கோபமானவரும் ரொம்ப மகிழ்ந்தவரும்தான் பெரும்பாலும் நிரப்புவார்கள். "பரவாயில்லை" என்று நினைத்து அடுத்த முறை சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போகிறவர் அதில் சிக்க மாட்டார்.

படி 3: ஐந்தே கேள்வி

1. எந்தக் குறைக்காக வண்டி விட்டீங்க? அது சரியாச்சா?
2. எத்தனை மணிக்குத் தர்றேன்னு சொன்னாங்க? எத்தனை மணிக்குக் கிடைச்சது?
3. பில்லில் முன்னாடி சொல்லாத ஏதாவது வேலை இருந்ததா? செய்யறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டாங்களா?
4. வண்டி எடுத்த பிறகு புதுசா ஏதாவது தெரியுதா?
5. நாங்க ஒரே ஒரு விஷயத்தை மாத்தணும்னா எதை மாத்தலாம்?

முதல் நான்கும் நடந்ததைக் கேட்பவை. பிடித்ததா என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லாருக்கு" என்பார்கள். எத்தனை மணி என்று கேட்டால் மணியைச் சொல்வார்கள். "சர்வீஸும் விலையும் திருப்தியா?" என்று இரண்டை ஒன்றாகக் கட்டிக் கேட்காதீர்கள். "இல்லை" என்று பதில் வந்தால் எது இல்லை?

படி 4: கால் செய்வது

வண்டியைப் பார்த்த மெக்கானிக்கோ அட்வைசரோ அழைக்கக் கூடாது. அக்கவுண்ட்ஸில் இருப்பவர் அழைக்கலாம். "வணக்கம் சார், வண்டி சர்வீஸ் பத்தி நாலு நிமிஷம் பேசலாமா, இப்ப வண்டி ஓட்டிட்டு இல்லியே?" என்று ஆரம்பியுங்கள். குறை சொன்னால் விளக்கம் கொடுக்காதீர்கள். "அது சார், அன்னைக்கு ஆள் லீவு" என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

படி 5: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

பலர் கோட்டை விடும் இடம் இது. வாடிக்கையாளர் சொல்கிறார்: "டிஸ்க் பிரேக் புடிச்சா கீச்சுனு சத்தம், காலைல மட்டும், ரெண்டு தடவை புடிச்சா போயிடுது." அதை ஷீட்டில் "பிரேக் குறை" என்று சுருக்கினால் விஷயமே போச்சு. காலையில் மட்டும் என்றால், இரவு ஈரத்தில் டிஸ்க் மேல் படியும் மெல்லிய துருவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி) உராய்ந்ததும் போய்விடும். நாள் முழுக்கச் சத்தம் என்றால் பேட் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு விளக்கம் போதும், இன்னொன்றுக்கு வண்டியை வரவழைக்க வேண்டும்.

ஷீட்டில் ஆறு பத்தி: ஜாப் கார்டு எண், தேதி, அவர் சொன்ன வார்த்தைகள், வகை, பொறுப்பாளர், முடிந்த தேதி. வகையை வாரக் கடைசியில் நிரப்புங்கள். முன்கூட்டியே வகை போட்டு வைத்தால் புதிதாக வருவதெல்லாம் "இதர" என்பதில் போய் விழும்.

படி 6: எண்ணுவது

60 பேரில் 42 பேருக்குச் சொன்ன நேரத்தில் வண்டி கிடைத்தது என்றால் 70 சதவீதம். அடுத்த மாதம் 75 ஆனால் இனிப்பு வாங்க வேண்டாம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 12, 13 புள்ளி வரை இப்படியோ அப்படியோ தற்செயலாகவே ஆடும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஆனால் முன் சக்கர நட்டு லூஸாக இருந்தது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அன்றைக்கே நடவடிக்கை எடுக்க வேண்டும், அதற்குச் சதவீதம் பார்க்க முடியாது.

தாமதம் என்று வந்தால் உடனே மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். ஜாப் கார்டைப் பாருங்கள். காலை 11 மணிக்கு வந்த வண்டிக்கும் "சாயங்காலம் 5 மணி" என்று எழுதிக் கொடுத்திருந்தால், தவறு வாக்கு கொடுத்த இடத்தில்.

படி 7: திரும்பச் சொல்லுங்கள்

குறை சொன்னவரை 48 மணி நேரத்துக்குள் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் அழைக்கட்டும். சரிசெய்ய முடியாது என்றாலும் அதைச் சொல்லிவிடுங்கள். பதிலே இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் போனை எடுக்க மாட்டார்.

கூகுள் ரிவ்யூவை இதோடு கலக்காதீர்கள். ரிவ்யூ போட்டால் வாட்டர் வாஷ் இலவசம் என்பதும், திருப்தியானவருக்கு மட்டும் லிங்க் அனுப்புவதும் கூகுள் விதிகளுக்கு எதிரானவை. ஷீட்டில் போன் நம்பர் வேண்டாம், ஜாப் கார்டு எண்ணே போதும். ஷீட்டை ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்பில் போடவும் வேண்டாம்.