ஒட்டவைப்பது சுலபம், ஆறவைப்பதுதான் வேலை

கார்பன் இழை பதித்த சிலிக்கான் கார்பைடை (இனி காம்போசிட்) டைட்டானியத்தோடு பிரேசிங் செய்ய, அதாவது இடையில் வேறு உலோகத்தை உருக்கி ஒட்டவைக்க, எந்த ஃபில்லர் (அந்த உருகும் உலோகம்) நல்லது என்றுதான் புதிதாக வருகிற பசங்க முதலில் கேட்பார்கள். அதில் பெரிய சூட்சுமம் இல்லை. வெள்ளி, செம்பு, கூடவே 1.75 சதவீதம் டைட்டானியம் சேர்ந்த குசில்-ஏபிஏ தாள், 50 மைக்ரான் கனத்தில் போதும். அந்தத் துளி டைட்டானியம் இல்லாவிட்டால் உருகிய வெள்ளியும் செம்பும் கார்பன்மேல் உருண்டு நிற்கும். இருந்தால் மேற்பரப்பில் கார்பைடு உண்டாகி, ஃபில்லர் பரவும்.

ஆறும் நேரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ஃபில்லர் 780 டிகிரியில் உறைகிறது. அங்கிருந்து சுமார் 750 டிகிரி இறங்கியாக வேண்டும். 20 மி.மீ. நீள இணைப்பில் டைட்டானியம் 6-4 (6% அலுமினியம், 4% வனேடியம் கலந்தது), காம்போசிட்டைவிட ஏறக்குறைய 0.1 மி.மீ. கூடுதலாகச் சுருங்கும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 0.2 மி.மீ. இந்த வித்தியாசம்தான் இணைப்பை விரிசல்விட வைக்கும். டிராயிங்கில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தால் ஃபர்னஸைத் தொடுவதற்கு முன் டிசைன்காரரிடம் சண்டைக்குப் போவேன். நையோபியம் இன்னும் நல்லது, விலைதான் இடிக்கும்.

இணைப்பு பெரிதானால் நடுவில் 0.5 மி.மீ. மாலிப்டினம் தகடு, அதன் இரு பக்கமும் ஃபில்லர் தாள். சுருக்கம் இரண்டு படியாகப் பிரிந்துவிடும். செம்புத் தகடும் வைக்கலாம், இளகிக்கொடுக்கும். ஆனால் உருகிய ஃபில்லர் செம்பைக் கரைத்துத் தின்னும். மெல்லிசாக வைத்தால் மிஞ்சாது.

காம்போசிட்டை வைர வீலில், தண்ணீர் மட்டும் விட்டு அறுங்கள். எண்ணெய் கலந்த கூலன்ட் துளைகளுக்குள் போனால் ஃபர்னஸில்தான் வெளியே வரும், வேக்குவமும் கெடும். அசிட்டோனில் அல்ட்ராசோனிக் குளியல், பிறகு ஓவனில் நன்றாகக் காயவையுங்கள். துளைகள் ஃபில்லரையும் குடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு தாள் கூடுதலாக வையுங்கள். டைட்டானியத்தை அடுக்குவதற்குச் சற்று முன்பு தேய்த்துத் துடைத்தால் போதும். துண்டுகளைப் பிடித்து வைக்கும் கிராஃபைட் ஜிக்கில் அது படும் இடத்தில் போரான் நைட்ரைடு ஸ்ப்ரே அவசியம்.

வேக்குவம் 10⁻⁵ மில்லிபார் அளவுக்கு இருக்கட்டும். நைட்ரஜனை உள்ளே விடவே கூடாது, டைட்டானியம் அதைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 750 வரை ஏற்றி, 20 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு 830-க்குப் போய், 5 முதல் 10 நிமிடம். தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) ஜாப்பிலேயே தொட்டிருக்கட்டும். ஃபர்னஸ் சுவர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதிக நேரம் வைத்தால் டைட்டானியம் பக்கம் செம்போடு சேர்ந்து நொறுங்கும் படலம் கனக்கும், வெள்ளியும் ஆவியாகிச் சுவரில் படியும்.

இறக்கும்போது 400 டிகிரி வரை நிமிடத்துக்கு 2, 3 டிகிரிதான். ஷிஃப்ட் முடிகிறது என்று யாராவது கூலிங் ஃபேனைப் போட வந்தால் கையைப் பிடியுங்கள்.

சோதிக்க டை-பெனட்ரன்ட் (விரிசலில் சாயம் ஊறவிட்டுப் பார்ப்பது) வேண்டாம். காம்போசிட்டின் துளைகளில் எல்லாம் சாயம் ஊறி, முழுவதும் விரிசல் மாதிரி காட்டும். எக்ஸ்ரேயில் வெள்ளி பளிச்சென்று தெரிவதால் ஃபில்லர் போகாத இடம் சுலபமாகப் பிடிபடும். ஜாப்போடு கூடவே ஃபர்னஸில் ஓட்டிய மாதிரித் துண்டை ஷியரில், அதாவது பக்கவாட்டில் தள்ளி, உடைத்துப் பாருங்கள். டைட்டானியம் பக்கம் காம்போசிட்டின் ஓர் அடுக்கே உரிந்து வந்தால் இணைப்பில் குறையில்லை. அதற்குமேல் பலம் வேண்டுமானால் இழை அடுக்கும் திசையை மாற்ற வேண்டும், அல்லது லேசரில் சிறு குழிகள் போட்டு ஃபில்லரை உள்ளே இறங்கவிட வேண்டும். ஃபில்லர் சுத்தமாக வழுக்கி விட்டிருந்தால் சுத்தம் செய்ததிலோ வேக்குவத்திலோ கோளாறு.

இந்த இணைப்பை 500 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் மாட்டாதீர்கள். காம்போசிட் தாங்கும், வெள்ளி தாங்காது.