பேட்ச் முடிந்தது, பணம் வரவில்லை: திறன் பயிற்சி நிதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்துக்கு ஒரு போனாவது இப்படி வந்துவிடும். "அண்ணே, மாடியை ஹாலாக்கிட்டேன், இருபது மெஷின் இறக்கியாச்சு. கவர்மென்ட்ல டெய்லரிங் பயிற்சிக்கு மானியம் தர்றாங்களாமே, எப்படி வாங்குறது?" எந்தத் திட்டத்தில் டார்கெட் (இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று ஒதுக்கும் எண்ணிக்கை) வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

முதல் தவறு இதுதான், மெஷினை முன்னால் வாங்கிவிட்டு திட்டத்தைப் பின்னால் தேடுவது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமோ, மத்திய அரசின் பிஎம்கேவிஒய்யோ (பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா), கிராமத்துப் பிள்ளைகளுக்கான டிடியூ-ஜிகேஒய்யோ (தீன் தயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா), எதுவாக இருந்தாலும் எந்தத் துறை, எந்த வேலைக்கான பயிற்சி, எத்தனை பேர் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சென்டரில் மெஷின் இருந்தால்தான் ஆய்வில் தேறும் என்பது சரிதான், ஆனால் எந்த மெஷின், எத்தனை மெஷின் என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. காலால் மிதிக்கும் வீட்டுத் தையல் மெஷின் இருபதை வரிசையாகப் போட்டுவிட்டு, ஏற்றுமதி கம்பெனிக்கு ஆள் தயார் செய்கிறேன் என்று விண்ணப்பித்தால், ஆய்வுக்கு வருபவர் பவர் மெஷின் எங்கே, ஓவர்லாக் எங்கே என்றுதான் கேட்பார். ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

இன்னொன்று, மானியம் என்கிற சொல்லே ஆளை ஏமாற்றிவிடுகிறது. டிராக்டர் மானியம் மாதிரி ஒரு தொகை அக்கவுன்டில் வந்து விழும் என்று நினைக்கிறார்கள். இது தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, வேலை நடந்ததற்கு ஆதாரம் காட்டக் காட்டத் தவணையில் வருகிற பணம். மத்திய அரசின் பொது விதிமுறை 2015 ஜூலை 15-ல் வந்தபோது பயிற்சிகளை மூன்று பிரிவாக்கி, ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என்று வைத்தார்கள். தொடங்கும்போது 30 சதவீதம், தேர்வில் தேறிச் சான்றிதழ் வந்ததும் 50, வேலைவாய்ப்பைக் காட்டினால் மீதி 20. பிற்பாடு மணிக்கட்டணத்தை உயர்த்தினார்கள், தவணைப் பங்கும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். கணக்கு போடுகிற விதம் மட்டும் மாறவில்லை, அதனால் அந்தப் பழைய எண்களை வைத்தே ஒன்று போட்டுப் பார்ப்போம்.

நடுப்பிரிவு, 300 மணி நேரம், 30 பேர். ஓர் ஆளுக்கு 9,900 ரூபாய், மொத்தம் 2,97,000. சென்டர்காரர்கள் பெரும்பாலும் இந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் கட்டட வாடகைக்கும் டிரெய்னர் சம்பளத்துக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள். கையில் முதலில் வருவதோ 89,100. நடுவில் ஐந்து பேர் நின்றுவிடுகிறார்கள் (ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்தருக்கு மில்லில் வேலை, நிற்கக் காரணமா கிடைக்காது), மூன்று பேர் தேர்வில் தேறவில்லை, மிச்சம் 22. இரண்டாம் தவணை இந்த 22 பேருக்குத்தான், போன எட்டுப் பேருக்கு முன்பே வந்திருந்த பணத்தையும் அதில் கழித்துக்கொண்டால் சான்றிதழ் கட்டம் வரை உங்களுக்குச் சேர்வது 1,74,240. நீங்கள் எதிர்பார்த்தது 2,37,600. அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் எங்கே போனது என்று ஆபீஸில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை, அது தொடங்கும்போதே உங்கள் பட்ஜெட்டில் இருந்திருக்க வேண்டிய எண். 30 பேரைச் சேர்த்தால் 22 பேருக்கான பணத்தில் வண்டி ஓடுமா என்று பாருங்கள், ஓடாது என்றால் தொடங்காமல் இருப்பதே மேல். தவணைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும், அதுவரை சம்பளம் கொடுக்கக் கையில் காசு இல்லாமல்தான் பல சென்டர்கள் படுத்தன. பாடம் நடத்தத் தெரியாமல் மூடிய சென்டரை நான் பார்த்தது குறைவு.

அப்புறம் பெயர். சிரிக்காதீர்கள், நான் பார்த்ததில் அதிகம் பணம் நின்றது இந்த இனிஷியலால்தான். ஆதாரில் "செல்வி முருகன்", வங்கிப் பாஸ்புக்கில் "எம். செல்வி", பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "செல்வி எம்", கல்யாணமானவர் என்றால் ரேஷன் கார்டில் கணவர் பெயரோடு இன்னொரு செல்வி. நமக்கு நான்கும் ஒரே ஆள், பெயர் ஏற்றுகிற அரசு இணையதளமான போர்ட்டலுக்கு நான்கு பேர். நான் வேலை பார்த்த ஒரு சென்டரில் சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து, பாஸ்புக்கைப் பார்த்து 28 பேரை ஏற்றினோம். ஏழு பேருக்கு ஆதாரோடு பெயர் ஒத்துப்போகவில்லை. திருத்தம் செய்ய அந்த ஏழு பேரையும் ஆளுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க வைத்தோம், அதில் இரண்டு பேர் அதற்கப்புறம் பயிற்சிக்கே வரவில்லை. அன்றிலிருந்து என் வழக்கம் இது. சேர்க்கை நாளில் ஆளுக்கு ஒரு தாள், அதில் ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, ஆதாரோடு இணைத்த போன் நம்பர், அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஓடிபி போவது கோயம்புத்தூரில் கட்டட வேலையில் இருக்கும் அண்ணன் போனுக்கு என்றால், பேட்ச் தொடங்கும் காலையில் உங்களுக்கு அது தெரியவரும்.

டிடியூ-ஜிகேஒய்யில் சேர்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அது கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பொதுவாக 15 முதல் 35 வயது வரை. நம் ஊரில் எல்லோரிடமும் ரேஷன் கார்டு இருக்கிறது, அதைப் பார்த்து "தகுதி இருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். கார்டு இருப்பது தகுதி இல்லை. கார்டில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பாருங்கள், மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா கார்டு ஒரு கணக்கு, முன்னுரிமை இல்லாத குடும்பங்களுக்கான என்பிஎச்எச் முற்றிலும் வேறு கணக்கு. கார்டு கைகொடுக்காவிட்டால், வீட்டில் யாராவது மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார்களா, போன நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குக் குறைந்தது 15 நாள் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த வழியில் தகுதி பெறுகிறவர்கள் நிறையப் பேர், கேட்காமலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

வருகைப் பதிவு. விரல் ரேகை மெஷின் களை எடுத்த கையையும் பாத்திரம் தேய்த்த கையையும் லேசில் ஏற்காது. ஐந்து முறை வைத்தும் விழவில்லை என்றால் டிரெய்னர், "பரவாயில்லம்மா, உள்ள போ, நோட்டுல எழுதிக்கலாம்" என்பார். நல்ல மனசுதான், ஆனால் மாதக் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நோட்டில் 24 நாள், போர்ட்டலில் 9 நாள். தேர்வுக்கு அனுமதிக்கப் பார்ப்பது போர்ட்டலை. முதல் நாளே ஒவ்வொருவருக்கும் எந்த விரல் விழுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். எதுவுமே விழாதவரை முதல் வாரத்திலேயே ஆதார் மையத்துக்கு அனுப்பி ரேகையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மெஷினோ நெட்டோ வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட்டோடு மெயில் போடுங்கள். மூன்று மாதம் கழித்து, "சார், அந்த வாரம் நெட் இல்ல" என்று சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சின்னதாக இரண்டு தேதிகள், பலர் கண்ணில் படாதவை. பயிற்சிப் பாடத்திட்டத்துக்குக் காலாவதி தேதி உண்டு. தொழிற்கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்சிவிஇடி ஒப்புதல் கொடுக்கும்போதே எதுவரை செல்லும் என்று போட்டுத்தான் கொடுக்கிறது, அது முடிந்த பாடத்தில் புது பேட்ச் ஏற்றினால் சான்றிதழ் சிக்கலாகும். டிரெய்னர்களுக்கான பயிற்சியை முடித்தவருக்குத் தரும் டிஓடி சான்றிதழுக்கும் அப்படித்தான். இரண்டையும் காலண்டரில் எழுதி வைத்தால் போதும்.

வங்கி விவரத்துக்கு வருவோம், ஏனென்றால் இதுதான் நாடாளுமன்றம் வரை போனது. பிஎம்கேவிஒய் பற்றி மத்திய தணிக்கைத் தலைவர் (சிஏஜி) கொடுத்த அறிக்கை 2025 டிசம்பரில் அவையில் வைக்கப்பட்டது, 2015 முதல் 2022 வரையான காலத்தைப் பார்த்தது. போர்ட்டலில் பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு விவரம் இருக்க வேண்டிய இடத்தில், 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஒன்றுமே இல்லை, அல்லது பூஜ்ஜியம், அல்லது "பொருந்தாது" என்கிற மாதிரி ஏதோ ஒன்று. இதை எல்லாம் மோசடி என்று ஒரே அடியாகச் சொல்லிவிட மாட்டேன். அந்தக் கட்டத்தை நிரப்பும் டேட்டா என்ட்ரி பையன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகவிடாது, பாஸ்புக் கையில் இல்லை, 11111 என்று அடித்தால் போகிறது, "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்பான். அந்த அப்புறம் வரவே வராது. வருடங்கள் கழித்து ஆடிட்டர் பார்க்கும்போது, உண்மையாக நடத்திய பேட்சுக்கும் ஆளே இல்லாமல் நடத்திய பேட்சுக்கும் அந்த ஐந்து ஒன்றுகளில் வித்தியாசம் தெரியாது. பாஸ்புக் இல்லையா, அந்த ஆளை அடுத்த பேட்சில் ஏற்றுங்கள்.

போட்டோவும் இதே ரகம்தான். போன பேட்ச் படத்தையே எடுத்துப் போடுவது சோம்பல் என்று உங்களுக்குத் தெரியும், கோப்பில் அது போலி ஆவணம்.

வேலைவாய்ப்பு ஆதாரம் நம் பக்கத்தில் தனிப் பிரச்சினை. டிடியூ-ஜிகேஒய்யில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்த வேண்டும், அதுவும் மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். திருப்பூரில் பயிற்சி முடித்த பெண் நிஜமாகவே வேலைக்குப் போகிறாள், நல்ல சம்பளமும் வாங்குகிறாள், ஆனால் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில், சனிக்கிழமை சாயங்காலம் கவரில் காசாக. சம்பளச் சீட்டு கிடையாது, வங்கியில் வரவு கிடையாது, பிஎஃப் கிடையாது. அவளுக்கு வேலை இருக்கிறது, உங்கள் கணக்கில் அவள் வேலையில்லாதவள். பேட்ச் முடிந்த பிறகு கம்பெனி தேடுவதால்தான் இப்படி ஆகிறது. வங்கி வழியாகச் சம்பளம் போடுகிற இரண்டு கம்பெனியையாவது முதல் வாரத்திலேயே பேசி வைத்து, சம்பளச் சீட்டு தருவீர்களா என்று கடிதமாக வாங்கிவிடுங்கள். தர முடியாது என்கிற முதலாளியை முதல் வாரத்தில் தெரிந்துகொள்வது கடைசி மாதத்தில் தெரிந்துகொள்வதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. பீஸ் ரேட்டில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பிள்ளைகள் அங்கே போவதை உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, அதற்கும் சேர்த்துத்தான் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

டார்கெட் வாங்கியவர் ஒருவர், சென்டர் நடத்துபவர் இன்னொருவர், நடுவில் ஒரு கமிஷன். இந்த ஏற்பாட்டில் மாட்டாதீர்கள். உள்குத்தகையை இந்தத் திட்டங்கள் ஏற்பதில்லை, ஏதாவது நடந்தால் உங்கள் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது, பணம் கேட்க வழியும் இருக்காது. ஜிஎஸ்டியிலும் அடி விழும். செலவில் 75 சதவீதமோ அதற்கு மேலோ அரசு ஏற்கிற பயிற்சியை அரசுக்கு நடத்திக் கொடுத்தால் வரிவிலக்கு உண்டு, ஆனால் நீங்கள் நடத்திக் கொடுப்பது அரசுக்கு இல்லையே, அந்த இடைக்காரருக்கு. ஆடிட்டரைக் கேட்காமல் பில் போட்டுவிடாதீர்கள்.

தொண்டு நிறுவனமாக மத்திய அரசிடம் மானியமே வாங்குபவர்களுக்கு: தனி வங்கிக் கணக்கு திறங்கள், அந்தப் பணத்துக்கு வந்த வட்டி உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழை, அதாவது எல்லோரும் யூசி என்று சொல்வதை, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 12-ஏ படிவம். ஒரு யூசி நின்றால் அடுத்த தவணையும் நிற்கும்.

பயிற்சிக்குச் சேர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவசப் பயிற்சியில் "சான்றிதழ் கட்டணம்", "யூனிஃபார்ம் டெபாசிட்" என்று பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், ரசீது தர மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, மாடியில் இருபது மெஷின் வைத்திருப்பவருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். ஆர்டர் இருக்கிறதா என்றேன், இருக்கிறது, ஆள்தான் இல்லை என்றார். அப்படியானால் உங்களுக்குப் பயிற்சி சென்டரே தேவையில்லை, அப்ரன்டிஸ், அதாவது வேலை பார்த்தபடியே தொழில் பழகுகிறவர்களை எடுங்கள் என்றேன். நான்கு பேர் முதல் வேலை செய்யும் இடம் விரும்பினால் எடுக்கலாம், 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். தேசிய அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அவர்களுக்கான உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. ஒப்பந்தத்தை முதலில் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், ஆளை வேலைக்கு வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஏற்றினால் போன மாதங்களுக்குக் கிடைக்காது.

"அந்த ஆயிரத்தி ஐந்நூறு என் அக்கவுன்டுக்குத்தானே வரும்?" என்று கேட்டார்.

இல்லை, அந்தப் பிள்ளையின் அக்கவுன்டுக்கே நேராகப் போகும் என்றேன். யோசிச்சு சொல்றேன் என்றார்.